படியளந்தவர்

காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணிக்கை நடக்கும். முற்றத்தில் வரிசையாக நின்று இச்சி, நி, சான், ஷி என்று ஜப்பானிய மொழியில் ஆளுக்கு ஓர் எண்ணாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். யாராவது நாக்குப் பிசகினால் அடி விழும். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஃபார்மோசாத் தீவின் முகாம்களில் இப்படி நின்றவர்கள் சாதாரணச் சிப்பாய்கள் இல்லை. மலாயாப் படைகளின் தளபதி பெர்சிவல், பிலிப்பைன்ஸில் சரணடைந்த அமெரிக்கத் தளபதி வெய்ன்ரைட் ஆகியோரோடு, நேற்றுவரை பல்லாயிரம் பேருக்கு ஆணையிட்ட கர்னல்களும் பிரிகேடியர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களோடு ஒரு ஆஸ்திரேலியரும் நின்றார். வயது 47. ஒலிம்பிக்கில் தடை ஓட்டம் ஓடியவர். விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்தில் அப்போதும் நடப்பு உறுப்பினர். பெயர் வில்ஃப்ரிட் செல்வின் கென்ட் ஹியூஸ். ஊரார் பில்லி என்பார்கள்.

பதினான்கு ஆண்டு கழித்து, 1956 நவம்பர் 22 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடியிருக்க ஒலிம்பிக் தொடங்கியபோது, அதன் அமைப்புக் குழுத் தலைவர் இதே கென்ட் ஹியூஸ்தான். அணிவகுத்து வந்த நாடுகளில் ஜப்பானும் உண்டு.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் சொல்லப்படுகின்றன. சிறை அவரைப் புடம் போட்டது, அந்த உறுதியால்தான் குளறுபடியில் கிடந்த மெல்போர்ன் ஒலிம்பிக்கைக் கரையேற்றினார் என்பது முதல் பதில். சிறை அவருக்குக் கசப்பேற்றியது, பிற்காலத்தில் கம்யூனிச எதிர்ப்பில் அவர் காட்டிய மூர்க்கம் அங்கே விளைந்தது என்பது இரண்டாவது. சிறைக்கு முன்னும் பின்னும் அவர் ஒரே ஆள்தான், முகாம் ஓர் இடைவேளை மட்டுமே என்பது மூன்றாவது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு முதல் பதில் பிடிக்கும், அரசியல் எதிரிகளுக்கு இரண்டாவது பிடிக்கும். எனக்கு மூன்றாவதில் பாதி உடன்பாடு. மீதிப் பாதியைச் சொல்ல, அவர் செய்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும். பதவிகள் பல மாறினாலும் வாழ்நாள் முழுக்க அவர் பார்த்தது ஏறக்குறைய ஒரே வேலைதான்: இருப்பதைக் கணக்கிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது.

1895 ஜூன் 12 அன்று கிழக்கு மெல்போர்னில் அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1914இல் ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்தது. ஆக்ஸ்போர்டுக்குக் கப்பலேற வேண்டிய பையன், அதே ஆண்டு ஆகஸ்டில் போர் வெடித்ததும் படையில் சேர்ந்துவிட்டார். கலிப்போலிப் போர்முனையில் காயம். அங்கே அவர் இருந்த 3ஆவது இலகுக் குதிரைப்படைப் பிரிகேடுக்கு அவருடைய தந்தையின் சகோதரரே தளபதி. நெக் என்ற குறுகலான மேட்டில் 1915 ஆகஸ்ட் 7 அன்று அந்தப் பிரிகேடை அலை அலையாகத் துப்பாக்கி வாய்க்கு நேரே அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை மறக்காத நாள் அது.

அதன்பின் சினாய், பாலஸ்தீனம், சிரியா. இங்கேதான் அவருடைய தொழில் தொடங்குகிறது. ஆஸ்திரேலிய மவுண்டட் டிவிஷனின் வழங்கல் பிரிவில் மேஜர் பதவி. பாலைவனத்தில் குதிரைப்படை என்றால் போர் பாதி, தண்ணீர் பாதி. 1917 அக்டோபர் 31இல் நடந்த பீர்ஷெபா தாக்குதலைக் குதிரை வீரர்களின் சாகசமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அன்று மாலைக்குள் ஊரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று அவர்களை உந்தியது அந்த ஊரின் கிணறுகள். குடிக்காத குதிரை மறுநாள் நடக்காது. தண்ணீர், தீவனம், லாடம், மாவு, ரொட்டி என்று பட்டியல் போட்டு, எது எந்த ஒட்டகத்தில் எந்த இரவு போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் அந்த வயதில் உட்கார்ந்தவர் கென்ட் ஹியூஸ். 22 வயதில் மிலிட்டரி கிராஸ் வாங்கினார். போர்க்களச் செய்திக் குறிப்புகளில் நான்கு முறை பெயர் வந்தது.

போர் முடிந்து ஆக்ஸ்போர்டு போனார். 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடினார். பதக்கம் இல்லை, அந்தப் போட்டியில் முதல் மூன்று இடமும் அமெரிக்கர்களுக்குப் போயின. அதே அணியில் நீச்சல் வீரராக வந்தவர் ஃபிராங்க் போரப்பேர். பின்னாளில் டயர் வியாபாரத்தில் கோடீஸ்வரராகி, மெல்போர்ன் மேயராகி, அந்த நகருக்கு ஒலிம்பிக்கைக் கொண்டுவந்தே தீருவேன் என்று கச்சை கட்டியவர். இந்த இருவரும் முப்பது ஆண்டு கழித்து மறுபடி ஒரே மேசையில் மோத வேண்டியிருந்தது.

1927இல் கியூ தொகுதியில் தேசியவாதக் கட்சி சார்பில் வென்று சட்டமன்றம் போனார். இளம் தேசியவாதிகள் என்ற அமைப்பை உருவாக்கியதில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார்: ராபர்ட் மென்சீஸ். பின்னாளில் ஆஸ்திரேலியாவை மிக நீண்ட காலம் ஆண்ட பிரதமர். முதல் உலகப் போரில் போர்முனைக்குப் போகாதவர் என்ற பேச்சு மென்சீஸைக் கடைசிவரை துரத்தியது. கென்ட் ஹியூஸோ இரண்டு போருக்கும் தானாகப் போனவர். இருவருக்குமிடையே நட்பு இருந்த நாட்களிலும் இந்த முள் ஓரமாகக் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பெருமந்தம் வந்தது. 1932இல் ஆஸ்திரேலியத் தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. விக்டோரியாவில் வேலையற்றோர் நிவாரணத்துக்குப் பொறுப்பான அமைச்சராகக் கென்ட் ஹியூஸ் வந்தார். அந்தத் துறைக்கு அரசு வைத்த பெயருக்குத் தமிழில் 'பிழைப்பூதியம்' என்று பொருள் சொல்லலாம். மக்கள் அதைச் சுருக்கி சஸ்ஸோ என்றார்கள். நம் ஊரில் ரேஷன் கடை வாசலில் அட்டையும் பையுமாக நிற்கிறவருக்கு அந்த வார்த்தையின் தொனி விளக்காமலே புரியும். வாங்காமல் முடியாது, வாங்கினால் கூசும். கென்ட் ஹியூஸின் கொள்கை எளிமையானது: சும்மா கொடுக்கக் கூடாது, வேலை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். மெல்போர்னில் யார்ரா ஆற்றை ஒட்டி வளைந்து போகும் அழகான சாலை அப்படி மண்வெட்டி பிடித்த கைகள் போட்டது. வேலையற்றோர் எதிர்த்து நின்றார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் அசையவில்லை. பாலைவனத்தில் குதிரைக்கு அளந்த கணக்கை நகரத்து மனிதருக்கும் அளந்தார் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொய்யாக இருக்காது.

இந்த இடத்தில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு சங்கதியில் நின்றுவிட்டுப் போகலாம். 1933 நவம்பரில் மெல்போர்ன் ஹெரால்டு நாளிதழில், தான் ஏன் ஃபாசிஸ்ட் ஆனேன் என்று விளக்கி அவர் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். எழுதும்போது அவர் பதவியில் இருந்த அமைச்சர். இத்தாலியில் முசோலினி செய்ததுபோல முதலாளியும் தொழிலாளியும் அரசும் ஒரே அமைப்பாகப் பிணைந்து, கட்சிச் சண்டையை ஒழித்து, நாட்டை ஒழுங்காக நடத்த வேண்டும் என்பது சாரம். தடியடியும் கருஞ்சட்டையும் இல்லாத, பிரிட்டிஷ் குணத்துக்கு ஏற்ற வகை ஒன்று சாத்தியம் என்று அவர் நம்பினார். அன்றைக்கு அப்படி நம்பியவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அது அவருக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் அவருடைய மனம் எதை விரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது: வரிசை, ஒழுங்கு, மேலிருந்து கீழ்வரை ஒரே கணக்கு.

மறுபடி போர் வந்தபோது வயது 45ஐ நெருங்கிவிட்டது. விட்டுவிடலாம். விடவில்லை. ஆஸ்திரேலிய 8ஆவது டிவிஷனின் தலைமையகத்தில், மறுபடியும் நிர்வாகமும் வழங்கலும் பார்க்கும் அதிகாரியாக மலாயா போனார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. நகரத்தில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து ஓடின. சரணடையும் முடிவில் அந்தத் தண்ணீருக்கு ஒரு பங்கு உண்டு. டிவிஷன் தளபதி கோர்டன் பென்னட் அன்றிரவே படகேறித் தப்பிவிட்டார். அது வீரமா, கைவிட்டு ஓடியதா என்று ஆஸ்திரேலியாவில் பல ஆண்டு வாதம் நடந்தது. தங்கியவர்கள் ஏறக்குறைய 15,000 ஆஸ்திரேலியர்கள். கென்ட் ஹியூஸ் அவர்களில் ஒருவர்.

சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். ஃபேரர் பார்க் ஒரு விளையாட்டுத் திடல். ஏறத்தாழ 45,000 பேர் அந்தப் புல்லில் உட்கார்ந்திருக்க, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானியர் இந்திய அதிகாரி மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. பிற்பாடு அந்தப் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பல்லாயிரம் பேர் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குப் போய்ச் செத்தார்கள். அதே சிங்கப்பூரில் அதே வாரம் கைதான ஷா நவாஸ் கான் அந்தப் படையின் தளபதிகளில் ஒருவராகி, செங்கோட்டையில் விசாரணைக்கு நின்று, பின்பு மீரட் தொகுதியில் வென்று நேருவின் அரசில் ரயில்வே துணை அமைச்சரானார். ஒரே சரணாகதி, ஒருவருக்கு அது அடிமைத்தனம், மற்றவருக்கு விடுதலைக்கான வாசல். கைதி அரசியல்வாதியாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கைதியைப் பிடித்தது யார், அதற்கு முன் அவரை ஆண்டது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியர்கள் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் அடைபட்டார்கள். அங்கே விளையாட்டு தழைத்தது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். மெல்போர்ன் ஃபிட்ஸ்ராய் அணியின் நட்சத்திரம் வில்ஃப்ரெட் ஸ்மால்ஹார்ன், பட்டப்பெயர் 'சிக்கன்', முகாமுக்குள் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் ஒன்றையே நடத்தினார். ஊரில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கத்துக்கு ஈடாக 1943 ஜனவரியில் பீட்டர் சிட்டி என்பவருக்கு 'சாங்கி பிரவுன்லோ' கொடுத்தார்கள். டெஸ்ட் விக்கெட் கீப்பர் பென் பார்னெட்டும் சாங்கிக் கைதிதான். பிற்காலத்தில் சர்வதேச கிரிக்கெட் அமைப்பில் ஆஸ்திரேலியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். ஆக, கைதிமுகாமிலிருந்து விளையாட்டு நிர்வாகத்துக்குப் போகும் பாதை அந்தத் தலைமுறையில் கென்ட் ஹியூஸ் ஒருவருக்கு மட்டும் திறந்ததில்லை. காரணமும் பெரிய மர்மமில்லை. ஒரு பந்து, நாற்பது பசித்த ஆட்கள், இருபது நிமிடம் வெளிச்சம் என்ற நிலையில் ஆட்டம் நடத்திப் பழகியவருக்கு, பின்னாளில் எந்தக் குழுக் கூட்டமும் பெரிதாகத் தெரியாது.

ஆனால் சாங்கியின் அந்த வாழ்க்கை கென்ட் ஹியூஸுக்கு வாய்க்கவில்லை. 1942 ஆகஸ்டில் ஜப்பானியர்கள் கர்னலும் அதற்கு மேற்பட்டவர்களும் அடங்கிய கூட்டத்தைக் கப்பலில் ஏற்றி ஃபார்மோசாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போன இரண்டு வாரத்தில், தப்பிக்க மாட்டோம் என்று எழுதித் தரக் கேட்டு, சாங்கியில் மிச்சமிருந்த 15,000க்கும் மேற்பட்ட பேரைச் செலராங் பாசறை முற்றத்தில் அடைத்து வைத்த சம்பவம் நடந்தது. தலைகளை அகற்றியபின் உடலை வளைக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஃபார்மோசாவின் கிழக்குக் கரையில் கரென்கோ முகாம். இன்றைய ஹுவாலியன். தலை நரைத்த தளபதிகள் காய்கறிப் பாத்தி கொத்தினார்கள், ஆடு மேய்த்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். கிண்ணத்தில் சோறு, தண்ணியாக ஒரு கீரைச் சாறு. அளந்து கொடுத்தே பழகிய ஒருவர் வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் அளந்ததை வாங்கி, கிண்ணத்தின் அடி தெரியும்வரை வழித்துச் சாப்பிட்டது இங்கேதான். 1930களில் சஸ்ஸோ வரிசையில் நின்றவர்களை அங்கே நினைத்தாரா? அப்படி அவர் மனம் மாறியதாகக் காட்டும் தடயம் எதுவும் அவருடைய பிற்கால அரசியலில் இல்லை. நான் எதிர்பார்த்துத் தேடிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நமக்குப் பிடித்த கதை அதுதானே.

அங்கே அவர் செய்த வேறொன்று உண்டு. கவிதை எழுதினார். போர், தோல்வி, பசி, காவலர்கள், அடி எல்லாவற்றையும் வைத்து ஒரு நீண்ட செய்யுள். 1944இல் மூத்த அதிகாரிகளை மஞ்சூரியாவின் உறைபனிக்குக் கொண்டுபோனார்கள். 1945 ஆகஸ்டில் முக்டெனில் முதலில் அமெரிக்க வான்குடை வீரர்கள் சிலர் இறங்கினார்கள், சில நாளில் சோவியத் படை வந்து சேர்ந்தது. விடுதலையானார். அந்தச் செய்யுள் 1946இல் 'சாமுராயின் அடிமைகள்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமானது. கைதிகள் எழுதிய நூல்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ வந்தன. பெரும்பாலும் நாட்குறிப்பு, நினைவுக் குறிப்பு. செய்யுளில் எழுதியது ஏன்? தாள் கிடைக்காத இடத்தில் சீரும் அடியும் நினைவில் வைத்துக்கொள்ளத் தோதானவை என்பது எல்லாச் சிறைக்கும் பொதுவான காரணம். எனக்குத் தோன்றுவது இன்னொன்று. செய்யுள் என்பதே சொல்லுக்குப் படியளப்பது. தனக்கென்று அளக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் அசைகளை அளந்துகொண்டிருந்தார்.

அவர் திரும்பியபோது கியூ தொகுதி அப்படியே காத்திருந்தது. 1927 முதல் 1949 வரை அது ஒருநாளும் அவர் கையைவிட்டுப் போகவில்லை. கைதியாக இருந்த மூன்றரை ஆண்டும் அதில் அடக்கம். இல்லாத உறுப்பினரைத் தொகுதி வைத்துக்கொண்டிருந்தது. மாநில அமைச்சர், துணை முதல்வர் என்று ஏறி, 1949இல் சிஸம் தொகுதியிலிருந்து கூட்டரசு நாடாளுமன்றம் போனார். 1951இல் மென்சீஸ் அரசில் உள்துறையும் பொதுப்பணியும் கிடைத்தன. அதே ஆண்டு ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைமையும் வந்தது.

இங்கே கொஞ்சம் வெளியே பார்க்கலாம். ஜப்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸில் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தவர் ஹோர்ஹே வார்காஸ். அந்த நாட்டிலிருந்து சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் உறுப்பினர், 1936 முதல். கென்ட் ஹியூஸ் ஜப்பானியரின் கைதியாக இருந்த காலத்தில் வார்காஸ் டோக்கியோவில் தூதர். போர் முடிந்ததும் தலைகீழ்: அமெரிக்கர்கள் வார்காஸை சுகாமோ சிறையில் போட்டார்கள். 1948இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ஒலிம்பிக் குழுவில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிரான்ஸில் ஜான் பொரோத்ரா, விம்பிள்டன் இரண்டு முறை வென்றவர், ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்தார். 1942இல் ஜெர்மானியர் பிடித்து சாக்ஸன்ஹவுசன் முகாமுக்கும், பிறகு ஆஸ்திரியாவின் இட்டர் கோட்டைக்கும் அனுப்பினார்கள். 1945 மே மாதம் அந்தக் கோட்டையை எஸ்எஸ் படை தாக்கியபோது, 46 வயதில் மதிலேறிக் குதித்து வயல் வழியே ஓடி உதவி கொண்டுவந்தார். சிறையை மட்டும் வைத்து இந்த மூன்று பேரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் பட்டியல் கிழிந்துவிடும். ஒருவர் எதிர்த்து நின்று கைதானவர், ஒருவர் ஒத்துழைத்ததால் கைதானவர், ஒருவர் ஒத்துழைத்தும் கைதானவர். மூவரையும் திரும்ப ஏற்றுக்கொண்டது ஒன்றுதான்: விளையாட்டு நிர்வாகம். அந்த உலகம் அப்போது ஒரு கனவான்கள் சங்கம். பழைய உறுப்பினரின் போர்க்காலக் கணக்கை அது அதிகம் துருவிப் பார்க்காது.

மெல்போர்னுக்கு வருவோம். 1949இல் ரோமில் நடந்த வாக்கெடுப்பில் புவனஸ் அயர்ஸை 21க்கு 20 என்று ஒரே ஓட்டில் தோற்கடித்து இடம் வாங்கியவர்கள் போரப்பேரும் கூட்டாளிகளும். வாங்கியபின் நகரம் சண்டையில் இறங்கியது. கிரிக்கெட் மைதானமா, கார்ல்டனா, பொருட்காட்சித் திடலா என்று மூன்று வருடத்துக்கு மேல் இழுபறி. கிரிக்கெட் சங்கத்தார் தங்கள் புல்லை மற்றவர்கள் மிதிக்கச் சம்மதிக்கவில்லை. மாநில முதல்வர் ஜான் கெய்ன், தொழிற்கட்சிக்காரர், வீடும் ஆஸ்பத்திரியும் இல்லாமல் சனம் தவிக்கும்போது புது அரங்கத்துக்குக் காசு எதற்கு என்றார். கென்ட் ஹியூஸுக்கு அந்தக் கேள்வி எரிச்சல் மூட்டியது. நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. 1953 பிப்ரவரியில் பிரதமரும் முதல்வரும் அமர்ந்து பேசி, கிரிக்கெட் மைதானம்தான் என்று முடிந்தது. வீரர்கள் தங்கும் கிராமத்தை மேற்கு ஹைடல்பெர்கில் அரசு வீட்டுவசதி ஆணையம் கட்டும், கூட்டரசு கடன் தரும், போட்டி முடிந்தபின் வீடுகள் ஏழைக் குடும்பங்களுக்குப் போகும் என்று ஏற்பாடு. இரண்டு பக்கமும் தங்கள் கணக்கு ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

குதிரைப் போட்டி கதை இன்னும் சுவையானது. வெளிநாட்டுக் குதிரை ஆஸ்திரேலிய மண்ணில் கால் வைக்க வேண்டுமானால் நோய்த்தடுப்புச் சட்டப்படி மாதக்கணக்கில் தனித்து வைக்க வேண்டும். சட்டத்தைத் தளர்த்த கூட்டரசு மறுத்தது. அமைப்புக் குழுத் தலைவரோ அதே கூட்டரசின் அமைச்சர். தன் அரசின் கதவைத் தானே தட்டி, திறக்கக் காணாமல் திரும்ப வேண்டியிருந்தது. முடிவில் 1956 ஜூனில் குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன. குதிரைப்படையில் தொழில் கற்ற மனிதரின் ஒலிம்பிக்கில் குதிரை இல்லை.

1955 ஏப்ரலில் சர்வதேசக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் வந்து, தாமதத்தைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி திட்டிவிட்டுப் போனார். அதன்பின்தான் வேலை வேகம் பிடித்தது என்பார்கள். ஆனால் நாளும் பொழுதும் சிமென்ட், எஃகு, கட்டில், பாத்திரம் என்று கணக்குப் பார்த்தது யார் என்று கேட்டால், ஓய்வுபெற்ற ஜெனரல் வில்லியம் பிரிட்ஜ்ஃபோர்டு தலைமை நிர்வாகி, கென்ட் ஹியூஸ் தலைவர். இரண்டு பேரும் பட்டாளத்துக்காரர்கள். 1956 ஒலிம்பிக்கை ஒரு டிவிஷனை நகர்த்துவது போல நகர்த்தினார்கள் என்பதே சரியான விவரிப்பு. போரப்பேர் திறப்பு விழாவைப் பார்க்காமலே அந்த மே மாதம் காலமானார்.

எல்லாக் கணக்கும் சரியாக வரவில்லை. படச்சுருள் நிறுவனங்களும் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளும் செய்தி என்ற பெயரில் காசில்லாமல் படம் கேட்டன. குழு காசு கேட்டது. பேச்சு முறிந்து, உலகத்தின் பெரும்பகுதி மெல்போர்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை. விளையாட்டு ஒளிபரப்பு விற்கத்தக்க சரக்கு என்று அவர் ரொம்ப முன்னாலேயே கண்டுகொண்டார் என்று இதை வாசிக்கலாம். கெட்டியாகப் பிடித்துக் கைநழுவ விட்டார் என்றும் வாசிக்கலாம். இரண்டும் சரி.

பெரிய அடி 1956 ஜனவரியில் விழுந்தது. தேர்தல் முடிந்து அமைச்சரவையைத் திருத்தியபோது மென்சீஸ் அவரைக் கழற்றிவிட்டார். சீன விவகாரத்தில் அரசின் நிதானப் போக்குக்கு மாறாக, சியாங் கை ஷேக்குக்கு ஆதரவாக அவர் பகிரங்கமாகப் பேசிவந்தது ஒரு காரணம். சியாங் ஆண்ட தைவான்தான் பழைய ஃபார்மோசா, கென்ட் ஹியூஸ் கைதியாக இருந்த தீவு. அவர் அங்கே இருந்தபோது ஜப்பானின் குடியேற்ற நாடு. போருக்குப் பின் சியாங்கின் கடைசிப் புகலிடம். கென்ட் ஹியூஸ் அந்தத் தீவின் மிக உரத்த நண்பர்களில் ஒருவரானார். சிறையின் கசப்பு என்று பேசும் இரண்டாவது பதில்காரர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஜப்பானியர் மீதான கசப்பு எப்படி மாவோ மீது திரும்பியது? என் பதில்: திரும்பவில்லை. 1933இல் ஹெரால்டில் எழுதியவருக்குக் கம்யூனிசம் அப்போதே எதிரி. முகாம் அதைத் தொடவே இல்லை.

ஆக, அமைச்சர் பதவி இல்லாத தலைவராக அவர் அந்த நவம்பரை எதிர்கொண்டார். ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த காரணத்துக்காக நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து வரவில்லை. சூயஸ் நெருக்கடி காரணமாக எகிப்து, ஈராக், லெபனான் வரவில்லை. தைவானை அழைத்த காரணத்துக்காகச் சீனா வரவில்லை. வந்தவர்கள் விளையாடினார்கள். பல்பீர் சிங் தலைமையிலான இந்திய ஹாக்கி அணி இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றது. துளசிதாஸ் பலராமும் பீட்டர் தங்கராஜும் இடம்பெற்ற இந்தியக் கால்பந்து அணி, நெவில் டிசோசாவின் மூன்று கோலோடு ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று தோற்கடித்து நான்காவது இடம் பிடித்தது. ஜப்பான் நான்கு தங்கம் எடுத்தது. நான்கு முறை அந்தக் கொடி மற்றக் கொடிகளுக்கு மேலே ஏறியது.

முடிவு விழாவுக்குச் சில நாள் முன்பு கென்ட் ஹியூஸுக்கு ஒரு கடிதம் வந்தது. பெயர் இல்லை. எழுதியவன் 17 வயதுச் சீன வம்சாவளிப் பையன், தச்சு வேலை பழகுகிறவன். கையால் ஒரு படமும் வரைந்திருந்தான். கடைசி நாளில் நாடு நாடாக அணிவகுக்க வேண்டாம். எல்லா வீரர்களும் கலந்து, ஒரே நாடுபோல வரட்டும். மிடுக்கு நடை வேண்டாம், சாதாரணமாக நடந்து, கையசைத்துக்கொண்டு போகட்டும். இதுவே அவன் கேட்டது. நிகழ்ச்சிநிரல் அச்சாகிக் கிடக்கும் நேரத்தில் எந்த நிர்வாகியும் இதைக் குப்பைக் கூடையில் போட்டிருப்பார். வரிசையையே வாழ்க்கையாகக் கொண்ட இந்த மனிதர் போடவில்லை. பிரண்டேஜின் சம்மதம் வாங்கினார்.

டிசம்பர் 8 அன்று சுமார் 500 பேர் மைதானத்துக்குள் வந்தார்கள். ரஷ்யரும் ஹங்கேரியரும் அமெரிக்கரும் ஜப்பானியரும் தோள் உரச, யாரும் யாரையும் எண்ணாமல், கால் போன தாளத்தில் நடந்தார்கள். அந்தப் பையனின் பெயர் ஜான் இயன் விங் என்பது பத்திரிகையாளர் ஒருவர் 1986இல் அவரை லண்டனில் தேடிக் கண்டபின்புதான் பரவலாகத் தெரியவந்தது. கென்ட் ஹியூஸுக்கு 1957இல் சர் பட்டம் வந்தது. அமைச்சர் பதவி திரும்ப வரவே இல்லை. 1970 ஜூலை 31 அன்று, சிஸம் தொகுதியின் உறுப்பினராகவே, 75 வயதில் காலமானார். பையனின் கடிதத்தை அவர் தூக்கி எறியவில்லை. இன்று அது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.